நம்பிக்கையை அளக்கும் கோல் யார் கையில்?

(தூத்துக்குடியில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உன் நம்பிக்கை சரியில்லை' என்று ஒரு மனிதன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால் அது வாய்ச்சொல். அதையே அதிகாரம் சொன்னால்? சிறை, சொத்துப் பறிமுதல், தீ! இந்தச் சரித்திரத்தில் நமது முத்துக்குளித்துறைக்கும் பங்குண்டு.

இடைக்கால ஐரோப்பாவில் போப்பின் பீடம் வகுத்ததற்கு மாறாக நம்பியவர்கள் மதத் துரோகிகள் எனப்பட்டனர். 13-ஆம் நூற்றாண்டில் அவர்களை விசாரிக்கவே தனி மன்றங்கள் எழுந்தன. குற்றம் சாட்டியவர் யாரென்று கைதிக்குச் சொல்லமாட்டார்கள். மசியாதவரை மதபீடம் தன் கையால் கொல்லாது. அரசனின் ஆட்களிடம் ஒப்படைக்கும். அவர்கள் எரிப்பார்கள். ஜான் ஹஸ் என்ற பாதிரியார் 1415-ல் இப்படித்தான் எரிக்கப்பட்டார்.

அதே முறை கப்பலேறி நம் கடலுக்கும் வந்தது. 1530-களில் முத்துக்குளிப்பு தொடர்பாக இக்கரையில் பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட சச்சரவில் போர்ச்சுகீசியர் நுழைந்தனர். அவர்களது பாதுகாப்பை நாடி, 1535-37 ஆண்டுகளில் பரதவர்கள் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அண்டை வீட்டார் சண்டையிட்டால் ஆதாயம் யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டுமா?

1542-ல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். 1546-ல் இந்தியாவுக்கும் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்ச்சுகல் மன்னருக்கு எழுதியவரும் அவரே. அவர் மறைந்து 8 ஆண்டுகள் கழித்து, 1560-ல், கோவாவில் அது அமைந்தது.

அது யாரை விசாரித்தது? பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்றவர்களைத்தான்! பழைய வழக்கத்தை ஒளித்து வைத்திருக்கிறாய் என்பதே குற்றச்சாட்டு. கார்சியா த ஓர்த்தா யூத வம்சத்தில் வந்த மருத்துவர். நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563-ல் கோவாவில் நூல் வெளியிட்டவர். 1568-ல் இறந்தார். மறு ஆண்டே அவரது சகோதரியை எரித்தார்கள். 1580-ல் அவரது எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். செத்தவனையும் விடவில்லை! இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்தாலும், 1812-ல்தான் அந்த மன்றம் ஒழிந்தது.

1599-ல் உதயம்பேரூரில் கூடிய சபை, கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவர்களின் ஏடுகளில் பிழை கண்டு எரிக்கச் சொன்னது. நடந்தது என்ன? 1653-ல் மட்டாஞ்சேரியில் அம்மக்கள் திரண்டு, பாதிரிமார்களின் தலைமைக்கு இனிக் கீழ்ப்படியோம் என்று சத்தியம் செய்தனர்.

1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். இவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கப் பாதிரிமார்களைத் துரத்திவிட்டுப் பரதவர்களைத் தம் சபைக்கு இழுத்தனர். பரதவர்கள் அசையவில்லை. அதிகாரம் மாறியது, நெஞ்சம் மாறவில்லை. டச்சு ஆட்சி இருக்கும்போதே 1713-ல் பனிமய மாதா ஆலயம் எழுந்தது.

இளைஞர்களே! இதைக் கேட்டுவிட்டுக் கிறிஸ்தவ அண்டை வீட்டாரை ஏளனமாகப் பார்க்காதீர்கள். தீயில் வெந்தவர்களும் ஈசா நபியைப் போற்றியவர்கள்தாம். நம் சரித்திரத்திலும் இந்தக் கறை உண்டு. கி.பி. 833-ல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஏற்கும்படி உலமாக்களை நிர்ப்பந்தித்தார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறைப்பட்டார். அடுத்த கலீஃபாவின் காலத்தில் சாட்டையடியும் பட்டார். இன்று மக்கள் யாரைப் போற்றுகிறார்கள்? அடித்தவரையா, அடிபட்டவரையா?

ஆகவே கேட்கிறேன். கருத்து மாறுபட்டான் என்பதற்காக ஒரு சகோதரனை ஊர்விலக்கம் செய்வதும், அவன் கடையில் வாங்காதே என்பதும், அவன் வீட்டு மையித்துக்கு மையவாடியில் இடமில்லை என்பதும் எந்த வழி? எலும்பைத் தோண்டியவர்களுக்கும், மண்ணை மறுப்பவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

தவறென்று பட்டால் எடுத்துச் சொல்லுங்கள். விவாதம் செய்யுங்கள். ஆதாரம் காட்டுங்கள். அத்தோடு நம் வேலை முடிந்தது. உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. தீர்ப்பு நாளுக்கு அதிபதியும் அவனே. அந்த ஆசனத்தில் ஜமாஅத்தும் உட்கார வேண்டாம், இயக்கமும் உட்கார வேண்டாம், அரசாங்கமும் உட்கார வேண்டாம்!