விளையாட்டு என்று சிரித்தோம்



இந்த நூற்றாண்டு மேடையில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற வருடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைச் சந்தித்து, என்னவாக வர விருப்பம் என்று கேட்டோம். ஆசிரியை, தாதி, வங்கி வேலை என்று சொன்னார்கள். ஒரு தங்கை மட்டும் எழுந்து, "கணினி விளையாட்டு செய்யப் போறேன் அக்கா" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு வாய் திறக்கவேயில்லை.

அந்தச் சிரிப்பு எங்களை உறுத்தியது. தேடிப் படித்தோம்.

அமெரிக்காவில் கரோல் ஷா என்ற பெண் 1978இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்து விளையாட்டுகளுக்குச் செய்நிரல் எழுதினார். பின்னர் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் அவர் எழுதிய 'ரிவர் ரெய்ட்' 1982இல் வெளிவந்தது. முழு விளையாட்டுக்கும் இருந்த இடம் 4 கிலோபைற் மட்டுமே. நீண்ட ஆற்றின் படத்தை அதற்குள் வைக்க முடியாது. ஆகவே, ஒரு கணக்கின்படி ஆறு தானே உருவாகிக்கொண்டு போகும்படி எழுதினார். இருக்கிற மாவில் எட்டுப் பேருக்கு ரொட்டி தட்டிய நம் அம்மாமாருக்கு இந்தக் கெட்டித்தனம் விளங்கும்.

பெரிய நிறுவனம் இல்லாமலும் இந்தத் தொழிலைச் செய்யலாம். எரிக் பரோன் என்பவர் நான்கு வருடத்துக்கும் மேலாகத் தனியாக உழைத்தார். செய்நிரல், படம், இசை, கதை எல்லாமே அவர் கைவேலை. 2016இல் 'ஸ்டார்டியூ வேலி' வெளிவரும் வரை அவருடைய துணைவியும் உழைத்து வீட்டைத் தாங்கினார். திறமை மட்டும் போதாது. பொறுத்திருக்கும் வீடும் வேண்டும்.

எங்களை அதிகம் தொட்டது 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில் அபி என்ற தமிழரும் அவருடைய சிறு குழுவினரும் செய்து, 2023 ஜூலையில் வெளியிட்டார்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை அது. அவள் கொண்டுபோன சமையல் குறிப்புப் புத்தகம் சிதைந்து, எழுத்துகள் அழிந்திருக்கின்றன. விடுபட்டதை யோசித்துக் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் சமைப்பதே விளையாட்டு. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், பிரித்தானியாவின் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருதும் அதற்குக் கிடைத்தன.

இட்லிச் சட்டியை வைத்து உலகத்தின் முன் நிற்கலாம் என்றால், நம்மிடம் இல்லாதது என்ன? நமுனுகுல மலையை மூடும் பனி, பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் தராசின் முன் அம்மா நின்ற நிற்பு, லயத்து அடுப்பில் வெந்த ரொட்டி, இடித்த சம்பல். இவற்றையெல்லாம் ஒருத்தி எழுதிவைக்காவிட்டால், நம் புத்தகத்திலும் எழுத்துகள் அழிந்துபோகும். அவள் எழுதுவது பேனாவாலா செய்நிரலாலா என்பது அவள் விருப்பம்.

ஆகவே பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் மடிகணினி ஒன்றிருந்தால் கல்லூரிக்குக் கொடுங்கள். அம்மாவின் கைப்பக்குவத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். முக்கியமாக, ஒரு பிள்ளை புதிதாக ஒன்று சொன்னால் சிரிக்காமல், "எப்படிச் செய்யப் போறாய்?" என்று கேளுங்கள்.

அந்தத் தங்கை இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். தங்கச்சி, அன்று கேட்காத கேள்வியை இன்று கேட்கிறோம். எப்படிச் செய்யப் போறாய்? கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லு. இருந்து கேட்கிறோம்.