ஜுரம் விட்டதும் வேலைக்கு ஓடாதீர்கள்!

(தொழிலாளர் குடியிருப்பில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2017-ம் ஆண்டில் நம் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு ஜுரம் கண்டது. 65 பேர் மாண்டார்கள். இது அரசாங்கக் கணக்கு. இந்த ஜுரம் விதியால் வருவதல்ல, கொசுவால் வருவது. ஆகவே தடுக்க முடியும்.

சாக்கடைக் கொசுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் காலில் வெள்ளை வரி இருக்கும். அது பகலில் கடிக்கும். தெளிந்த நீரில் வளரும். குழாயில் என்றோ ஒருநாள் தண்ணீர் வருகிறது. அண்டாவிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். அங்கேதான் அது குடியேறுகிறது. ஆலை வளாகத்தில் கிடக்கும் பழைய டயர், காலி டிரம், தோப்பில் எறிந்த கொட்டாங்கச்சி, கொல்லையிலுள்ள ஆட்டுக்கல் குழி, மழைநீர் தேங்கினால் இவையெல்லாம் அதற்கு வீடு.

முட்டை கொசுவாகிப் பறக்கச் சுமார் 8 முதல் 10 நாள் ஆகும். எனவே வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். கழுவி நிரப்பியதும் துணியால் வேடு கட்டுங்கள். ஒரு வீடு செய்து பக்கத்து வீடு செய்யாவிட்டால் பயனில்லை. தெரு முழுதும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

திடீரென்று கடும் ஜுரம், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி கண்டால் டாக்டரிடம் போங்கள். இந்த நோயை முறிக்கத் தனி மருந்து கிடையாது. ஓய்வும், கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசலுமே துணை. ஜுரத்துக்குப் பாரசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூபன் வேண்டாம். ரத்தக் கசிவு உண்டாகும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். உடனே ஷிப்டுக்கும் நடவுக்கும் ஓடுகிறோம். ஒருநாள் கூலி போனால் அடுப்பெரியாதே! ஆனால் உண்மையான அபாயம் அப்போதுதான் தொடங்குகிறது. சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நாடி தளர்ந்துவிடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுதல், குழந்தை துவண்டு கிடத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜுரம் விட்டபின் இரண்டு நாளாவது கண்காணிப்பு அவசியம்.

அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது? ஈ.எஸ்.ஐ. சந்தா முறையாகக் கட்டப்பட்ட ஆலைத் தொழிலாளிக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவி உண்டு. சான்று வாங்கிக் கேட்டுப் பெறுங்கள். வயலில் உழைக்கும் நம் சகோதரிக்கு அதுவும் இல்லை. அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்போம். குழாயில் தினமும் தண்ணீர் வரவேண்டும் என்றும் கேட்போம். தண்ணீர் வந்தால் தொட்டிகள் குறையும், கொசுவும் குறையும்.

கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்கு ஒருவர் தேங்காய் நாரோடு தெருவுக்கு வாருங்கள்!