காணாமல் போன குருவி

இன்றைய பேச்சு ஒரு சின்னக் குருவியைப் பற்றியது. அதன் பெயர் பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி. உள்ளங்கையில் அடங்கிவிடும். பழுப்பு நிறம். பார்க்கப் பகட்டாக இருக்காது. ஆனால் இனிமையாகப் பாடும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

1867ஆம் ஆண்டு. இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே ஹியூம் என்ற ஆங்கில அதிகாரிக்கு இந்தக் குருவி ஒன்று கிடைத்தது. 1885இல் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். பறவைகளைச் சேகரிப்பதில் இவருக்கு மிகுந்த ஆர்வம். அந்தக் குருவியின் உடலைப் பதப்படுத்தி வைத்தார். அது பின்னர் இங்கிலாந்து அருங்காட்சியகத்துக்குப் போனது.

அதன் பிறகு உயிருள்ள குருவி எதையும் இந்த இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் காணவே இல்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல. 138 ஆண்டுகள்! “இது தனி இனமே இல்லை” என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம். தாய்லாந்தில் ஒரு பறவை ஆராய்ச்சியாளர் வலை விரித்தார். அதில் இந்தக் குருவி சிக்கியது. அதன் இறகைச் சோதித்தார்கள். ஹியூம் கண்ட அதே இனம்தான்!

குளிர்காலத்தில் அது தெற்கே வருகிறது. சரி, கூடு கட்டுவது எங்கே?

விடை ஆப்கானிஸ்தானில் கிடைத்தது. அங்கே வாக்கான் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் உயர்ந்த மலைகள். மழை மிகக் குறைவு. மலைச்சரிவில் பச்சையே அரிது. ஆற்றங்கரையில் மட்டும் புதர்கள் அடர்ந்திருக்கும். 2008இல் அந்தப் புதரில் ஒரு குருவி பாடுவதை ஓர் ஆராய்ச்சியாளர் கேட்டார். பாட்டைப் பதிவு செய்துகொண்டார். 2009இல் ஒரு குழு அங்கே போனது. பதிவு செய்த பாட்டை ஒலிக்கச் செய்தது. தன் இனத்தின் குரல் என்று எண்ணிக் குருவிகள் வந்தன. ஏறத்தாழ 20 குருவிகளைப் பிடித்தார்கள். சோதனைக்கு இறகு எடுத்துக்கொண்டு பறக்க விட்டார்கள்.

இப்போது ஒரு சிக்கல். குருவிக்கு அந்தப் புதர்தான் வீடு. அங்கேதான் பூச்சி, அங்கேதான் கூடு. ஆனால் ஊர் மக்களுக்கும் அந்தப் புதர் வேண்டும். அடுப்புக்கு விறகு அதுதான். ஆடு மாடு மேய்வதும் அங்கேதான். கடுங்குளிரில் வாழும் ஏழைகள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

புதரை அடியோடு வெட்டினால் குருவி போய்விடும். மறு ஆண்டு அடுப்புக்கு விறகும் இருக்காது. ஆற்றங்கரை மண்ணும் அரித்துப் போகும். கொஞ்சம் வெட்டி, மிச்சத்தைத் தழைக்க விட்டால் இருவருக்கும் வாழ்வு உண்டு.

2014இல் வாக்கான் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் போதாது. மக்களுக்கு வேறு எரிபொருள் கிடைத்தால்தான் புதர் பிழைக்கும்.

இந்தக் குருவியின் உறவுக்குருவி ஒன்று குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் வருகிறது. வேலிப் புதரில் ஒளிந்து பூச்சி தேடும். அடுத்த முறை வேலியைச் சுத்தமாக வெட்டப் போகும்போது ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். உள்ளே ஒரு குரல் கேட்கலாம்.