வயரிங் செய்தவர் பெயர் எங்கே?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எலக்ட்ரிகல் ஒப்பந்ததாரர் உரிமம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், சாதி ஒழிப்புக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் அண்ணன் வயரிங் வேலை செய்கிறார். 15 வயதில் கையாளாகப் போனவர், 23 ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி விடுமுறைகளில் நானும் அவரோடு போயிருக்கிறேன். சுவர் வெட்டியிருக்கிறேன். காங்கிரீட் போடுவதற்கு முன்பு கம்பி கட்டுகிறவர்களோடு வெயிலில் நின்று ஸ்லாப்பில் பைப் போட்டிருக்கிறேன். எத்தனை வீட்டுக்கு வயரிங் செய்திருப்பார் என்று அண்ணனுக்கே கணக்கில்லை. அதில் ஒரு வீட்டின் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்கு விலக்கு உண்டு. மற்ற எந்த மின் பணியையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாகக் கவனிக்க வேண்டும். கம்பியைத் தொடுகிறவருக்கும் அனுமதிச் சான்று வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி இது. பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளையும் உரிமங்களையும் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

இதில் எனக்கு மறுப்பில்லை. இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். உரிமமே வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்யட்டும் என்று சொல்பவன் நானில்லை. ஆனால் எங்கள் பகுதியில் நடப்பது வேறு. வேலையைத் தொடக்கம் முதல் கடைசிவரை உரிமம் இல்லாத ஒருவர் செய்கிறார். வீட்டுக்கு சர்வீஸ் வாங்கும் நேரத்தில் உரிமம் உள்ளவரிடம் போய், காசு கொடுத்து, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இன்சுலேஷன் எவ்வளவு, எர்த் எவ்வளவு என்று எழுத வேண்டிய கட்டங்கள் கடை மேசையிலேயே நிரம்பிவிடுகின்றன. அண்ணன் சொந்தமாக ஒரு மெகர் வைத்திருந்ததே இல்லை. டெஸ்டரும் கட்டிங் பிளேயரும்தான் அவர் ஆயுதம். ஆக, அளந்து பார்க்காத வீட்டுக்கு அளவுகளோடு ஒரு அறிக்கை இருக்கிறது. அந்த வீட்டில் குழந்தைகள் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவார்கள்.

சரி, அண்ணன் ஏன் சான்று வாங்கவில்லை? ஐ.டி.ஐ. படித்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். அவர் ஒன்பதாவதோடு நின்றவர். அப்படிப்பட்டவர்களுக்காகவே அரசு ஒரு கதவு வைத்திருக்கிறது: மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுபவம் இருக்கிறது என்று எழுதித்தர ஒருவர் வேண்டுமே! தான் அதிக காலம் வேலை பார்த்த ஒப்பந்ததாரரிடம் அண்ணன் போனார். அவர் பதில் இது: “எழுதிக் குடுத்தா நீ அஞ்சு வருஷம் என்கிட்ட வேலை பாத்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல தம்பி. நாளைக்கு ஏதாச்சும்னா?”

அவருடைய பதிவேட்டில் அண்ணன் பெயர் கிடையாது. இருந்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., இழப்பீடு என்று கேள்விகள் வரும். அண்ணன் அங்கே வேலை பார்த்தார் என்பதை நன்றாக அறிந்தவரே, அதை மறைப்பதால் ஆதாயம் அடைகிறவராகவும் இருக்கிறார். அதே ஆண்டு தன் மச்சான் மகனுக்கு அவர் சான்று எழுதிக் கொடுத்தார். கடையில் உட்கார்ந்து பில் போட்ட பையன். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன், அண்ணனைச் சாதி சொல்லித் திட்டியவரும் இல்லை. தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார். ஆனால் தன் கையெழுத்தை நம்பித் தருவதற்கு அவருக்குச் சொந்தம் தேவைப்பட்டது. நம் ஊரில் சொந்தம் என்றால் சாதி.

ஒப்பந்ததாரரின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அளவுக் கருவிகள் வாங்கி, அவற்றுக்குச் சோதனைச் சான்று எடுத்து, உரிமத்தைப் புதுப்பித்து, மேற்பார்வையாளருக்குச் சம்பளம் கொடுத்து, பாயின்ட் கணக்கில் வேலை எடுத்தால் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே உரிமமில்லாதவர் பாதி விலைக்குச் செய்யத் தயாராக இருக்கிறார். அதனால் வேலையை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் விற்பது அவருக்கு லாபம். மேற்பார்வையாளர் சான்றை வாடகைக்கு விட்டிருக்கும் பொறியாளர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தை அவர்கள் கூச்சமில்லாமல் வாங்குகிறார்கள்.

இன்னொரு காட்சி. புதுவீட்டுப் பூசையறைச் சுவரை வெட்டிப் பைப் புதைப்பது அண்ணனும் கையாளும்தான். கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம் அதே அறையில் பல்பு எரியவில்லை என்று போன் வரும். போனால், “நீங்க வெளியிலேருந்து சொல்லுங்க, நாங்களே மாட்டிக்கிறோம்” என்பார்கள். பல்பு மாற்றுவதற்குச் சட்டத்திலும் விலக்கு உண்டுதானே என்று அண்ணன் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

விபத்து நடந்தால் என்ன ஆகும்? ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்தாலும் முதன்மை வேலையளிப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்று 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே சொன்னது. ஆனால் அந்த வேலை அவருடைய தொழிலின் பகுதியாக இருக்க வேண்டும். வீடு கட்டுவது வீட்டுக்காரரின் தொழில் இல்லை. கையெழுத்துப் போட்டவர் “என் ஆளே இல்லை” என்பார். காகிதப்படி அது உண்மை. காகிதத்தில் இல்லாதவர் எப்படி அங்கே போய்க் கம்பியைத் தொட்டார் என்று செத்தவரைத்தான் கேட்பார்கள்.

அம்பேத்கரை நாம் அரசியல் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. மின்சார வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவுக்கு 1943இல் அவரே தலைமை வகித்தார். தொழிலாளரையும் மின்சாரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் அவர். நம் மேசையில் இரண்டும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

கர்நாடகத்தில் அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்குகிறார்கள். 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளுக்கு இருந்ததை 2023இல் ஒரு கோடியாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டிலும் இதைக் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் உரிமம் கையில் இருப்பவர்தான் மின் பணி ஒப்பந்தம் எடுக்க முடியும். உரிமத்துக்கான முதல் படியிலேயே அண்ணன் நிற்கிறார். ஒதுக்கீடு வந்தாலும், நம்மில் ஏற்கெனவே கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். அதற்கும் கீழே இருக்கிற சின்னக் கோரிக்கையை நாம் யாருமே பேசியதில்லை.

அது இதுதான். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் எலக்ட்ரீசியன் என்று பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் துறையே ஏற்றுக்கொண்ட பதிவு அது. அந்த அட்டையை அனுபவச் சான்றாக ஏற்றுக்கொண்டால் யார் காலிலும் விழ வேண்டியதில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் உண்மையில் வேலை செய்தவரின் பெயரும் இருக்க வேண்டும். அரசு ஐ.டி.ஐ.களில் மெகரும் எர்த் டெஸ்டரும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்யலாம். பெரிய செலவில்லை.

வீட்டில் மின் இணைப்புக் காகிதங்கள் இருந்தால் இன்று போய் எடுத்துப் பாருங்கள். வேலை செய்த ஆளை உங்களுக்கு நினைவிருக்கும். காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதென்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். சட்டம் படிக்கிற தோழர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள். நலவாரிய அட்டையை ஏற்கக் கோரும் மனுவை உங்களால் எழுத முடியும். என் அண்ணன் பெயரிலேயே முதல் மனுவை எழுதலாம். அட்டையின் நகல் என் பையில் இருக்கிறது.