மரத்தடியில் நின்ற துப்பாக்கி



பழம்பொருள் ஒன்று நம் கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? தேய்த்து மெருகேற்ற வேண்டும் என்றே நம்மிற் பெரும்பாலோர் கூறுவர். அவ்விடை சரிதானா என்பதை ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் நெவாடா மாநிலத்தில் கிரேட் பேசின் தேசியப் பூங்கா என்னும் வறண்ட மலைப்பகுதி உள்ளது. 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே தொல்பொருள் ஆய்வு நடத்தியவர்கள், ஜூனிப்பர் மரம் ஒன்றின்மேல் சாய்ந்து நின்ற துப்பாக்கியைக் கண்டனர். வெயிலும் பனியும் பட்டு அதன் மரக்கட்டை வெளுத்து வெடித்திருந்தது. இரும்புக் குழல் துருவேறியிருந்தது. அடிப்பகுதி மண்ணிற் புதைந்திருந்தது. மரத்தோடு நிறத்தால் ஒன்றிவிட்டமையின் அது நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை.

அது வின்செஸ்டர் கம்பெனியின் 1873ஆம் ஆண்டு மாதிரி. இவ்வகைத் துப்பாக்கியில் விசையைச் சுற்றி வளையம் போன்ற நெம்புகோல் ஒன்று உண்டு. விரல்களை அதனுள் நுழைத்து முன்னே தள்ளினால், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். பின்னே இழுத்தால், குழலின் அடியிலுள்ள நீண்ட அறையிலிருந்து வந்த புதிய தோட்டா உரிய இடத்திற் சென்று அமரும். ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா இடும் தொல்லை இல்லாமையால் மக்கள் இதனைப் பெரிதும் விரும்பினர். 7 லட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

வயோமிங் மாநிலத்துக் கோடி நகரிலுள்ள பொருட்காட்சிசாலையில் அக்கம்பெனியின் பழைய பதிவேடுகள் உள்ளன. துப்பாக்கியிற் பொறித்திருந்த எண்ணைக் கொண்டு தேடியபோது, அது 1882இல் தொழிற்சாலையினின்று அனுப்பப்பட்டது எனத் தெரிந்தது. வாங்கியவர் பெயர் அப்பதிவேட்டில் இல்லை. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தனர். மரக்கட்டையின் உள்ளறையில் ஒரே ஒரு தோட்டா இருந்தது. அது 1887க்கும் 1911க்கும் இடையே செய்யப்பட்ட வகை. எனவே, 1882இல் வாங்கிய சூட்டோடு எவரும் அதனை விட்டுச் செல்லவில்லை; 1887 வரையிலேனும் அது மனிதர் புழக்கத்தில் இருந்தது என்று துணிந்து கூறலாம்.

இத்தகைய துப்பாக்கியை வல்லுநர்கள் என் செய்தனர்? துருவைச் சுரண்டவில்லை, புதிய கட்டை பொருத்தவுமில்லை. உதிரும் மரம் மேலும் உதிராதபடி பசையிட்டு நிறுத்தினர், அவ்வளவே. அந்த வெளுப்பும் வெடிப்பும் மண்ணிற் புதைந்த தடமுமே அது பல்லாண்டுகள் மரத்தடியில் நின்றமைக்குச் சான்று. அவற்றை நீக்கினால், 7 லட்சத்துள் ஒன்றாக மட்டுமே அது எஞ்சியிருக்கும்.

இதனைப் படித்தபோது என் பிழையொன்று நினைவிற்கு வந்தது. நான் ஆசிரியனான புதிதில் மாணவன் ஒருவன் களிம்பேறிய செப்புக்காசு ஒன்றைக் கொணர்ந்தான். "புளியிட்டு நன்றாகத் தேய்த்து வா" என்றவன் நானே. மறுநாள் காசு பளபளத்தது. மங்கலாகத் தெரிந்த எழுத்துக்களோ மறைந்துபோயின. அக்காசு எவ்வரசருடையது என்று அவன் என்னைக் கேட்டான். எனக்கு விடை கூற இயலவில்லை.

அன்பு மாணவர்களே, பழம்பொருள் கிடைத்தால் உடனே தேய்க்க முற்படாதீர்கள். முதலில் உற்றுப் பாருங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதி வையுங்கள். பிறகு அறிந்தோரிடம் காட்டுங்கள். அழுக்கை என்று வேண்டுமானாலும் நீக்கலாம். அழிந்த எழுத்தை மீட்க இயலாது.