கண் காணும் குறையும் மூச்சு காணும் குறையும்



கவிதையில் குற்றம் காண்போர் அதனைச் சொற்குற்றம் என்றும் பொருட்குற்றம் என்றும் பிரித்துக் காண்பது தமிழ் மரபு. முன்னதைப் பொறுத்தருளலாம்; பின்னதை இறைவனே செய்தாலும் பொறுத்தலாகாது என்ற எண்ணம் இந்த அவைக்குப் பழகிய ஒன்று. இந்தப் பாகுபாட்டைக் கைவினைப் பொருள்களுக்கும் கொள்ளலாமா என்பதே இன்றைய உரையின் பொருள். இதற்குச் சான்றாக, கருநாடகத்தின் வடமுனையில் உள்ள பீதர் நகரத்துக் கைவினைஞர் படைத்த ஹூக்காக் குடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஹூக்கா என்பது நான்கு உறுப்புகள் கொண்டது. தணலும் புகையிலையும் வைக்கும் மண்கிண்ணம் மேலே. அதிலிருந்து இறங்கி நீருக்குள் மூழ்கும் தண்டு நடுவே. நீரைத் தாங்கும் குடம் அடியில். புகையை வாய்க்குக் கொண்டு சேர்க்கும் நெடுங்குழல் பக்கத்தில். குழலை இழுக்கும்போது குடத்தினுள் நீர்மட்டத்திற்கு மேலுள்ள காற்று குறைகிறது. அந்த இடத்தை நிரப்பப் புகை தண்டின் வழியே இறங்கி, நீரில் குமிழியிட்டு மேலெழுகிறது. வேறு எவ்வழியாகவும் காற்று உள்ளே புகாதிருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கருவியின் உயிர்நிலை இதுவே.

பீஜப்பூரிலிருந்து புகையிலையை அக்பரின் அவைக்குக் கொண்டு சென்றவர் அசத் பேக் என்னும் தூதர். அது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 1617இல் ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை விதித்தார்; ஆணை ஏட்டில் நின்றது, பழக்கம் நாட்டில் பரவியது. தேங்காய் ஓட்டையே நீர்க்குடமாகக் கொண்ட எளிய ஹூக்காக்களும் இருந்தன. மேற்காசிய நாடுகளில் இக்கருவிக்கு வழங்கும் 'நார்கிலே' என்ற பெயர், தேங்காயைக் குறிக்கும் 'நார்கில்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 'நாரிகேளம்' என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிதரிக் குடங்களும் தேங்காய் போல் உருண்டையானவை. உருண்டோடாதிருக்க ஒரு வளையத்தின்மேல் அமர்த்தப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டில் தட்டையான அடியுடன் மணி வடிவம் பெற்றன.

பிதரி வேலையின் படிகளை அறிந்தால்தான் அதன் குறைகளை எடைபோட இயலும். மிகுதியான துத்தநாகமும் சிறிதளவு செம்பும் கலந்து உருக்கி, மணல் அச்சில் வார்க்கிறார்கள். வார்த்தெடுத்த குடத்தை அரத்தால் இழைத்து, மயில்துத்தக் கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கருமையாக்குகிறார்கள். அந்தக் கருமையின்மேல் கூர்முனைக் கருவியால் பூவும் கொடியும் கைப்போக்கில் வரையப்படுகின்றன. பின் சிற்றுளியால் கோடுகளைக் குடைந்து, வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ பள்ளத்தில் வைத்துத் தட்டிப் பதிக்கிறார்கள். மீண்டும் இழைத்தபின், பீதர்க் கோட்டையில் வெயிலும் மழையும் படாத இடங்களிலிருந்து எடுத்த பழைய மண்ணை நவச்சாரத்தோடு கரைத்து, சூடேற்றிய குடத்தில் தேய்க்கிறார்கள். உலோகம் நிலையான கருமை கொள்கிறது. வெள்ளி மட்டும் வெண்மை மாறாது நிற்கிறது. மண்ணின் தகுதியை நாவில் வைத்துச் சுவைத்தே தேர்கிறார்கள் என்பது இத்தொழிலின் வியப்புகளுள் ஒன்று.

இத்தனை படிகளிலும் கைதான் கருவி. ஆகவே கையின் தடம் எங்கும் இருக்கும். ஒரு செடியில் ஐந்து மலர்கள் இருந்தால் ஐந்தும் ஒரே அளவில் இரா. ஓரிடத்தில் கம்பி சற்றே தடித்திருக்கும். சுற்றி வரும் கொடி, தொடங்கிய இடத்தில் வந்து முடியும்போது ஓர் இலை நெருங்கி நிற்கும். வார்ப்பின்போது சிக்கிய காற்று, மேற்பரப்பில் ஊசிமுனையளவு குழிகளை விட்டிருக்கும். இவை யாவும் கண் காணும் குறைகள். நீரைத் தாங்குவதற்கோ மூச்சை நடத்துவதற்கோ இவற்றால் எவ்வித இடையூறும் இல்லை. இவையே சொற்குற்றங்கள்.

ஆனால் அந்த ஊசிமுனைக் குழிகளுள் ஒன்று சுவரை ஊடுருவிச் சென்றிருந்தால்? வெளிப்பார்வைக்கு அதுவும் மற்றவை போன்றதே. குடத்தில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்தால் மறுநாள் காலையில் அடியில் ஈரம் காணும். கிண்ணம் பொருந்தும் துளையை உள்ளங்கையால் அடைத்துவிட்டுக் குழலை இழுத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை. எல்லாம் செவ்வையாக இருந்தால் இழுப்பு உடனே இறுகி நின்றுவிடும். எங்கேனும் கசிவு இருந்தால் காற்று வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தப்பிய குறையை மூச்சு கண்டுபிடித்துவிடுகிறது. கழுத்தின் வாய் சற்று வட்டம் பிசகியிருந்தால் ஈரத்துணி சுற்றித் தண்டைப் பொருத்திவிடலாம். ஓட்டைக் குடத்தையோ எந்த வேலைப்பாடும் காப்பாற்றாது. இதுவே பொருட்குற்றம்.

இதுவரை வழக்கு எளிது. பயன்படுத்துவோர் இருந்த காலத்தில் தீர்ப்பும் எளிதாகவே இருந்தது. கண் சொன்னதை மூச்சு சரிபார்த்தது. இன்று நிலைமை வேறு. நீரில் புகுந்து வருவதால் புகையின் நஞ்சு நீங்கிவிடுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் கருநாடக அரசு தன் மாநிலம் முழுவதும் ஹூக்காவின் விற்பனைக்கும் பயன்பாட்டிற்கும் தடை விதித்தது. அந்தப் பழக்கம் மறைவதில் வருந்த ஏதுமில்லை. பழைய குடங்கள் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக்குப் பின்னே நீரின்றி நிற்கின்றன. அவற்றின் வழிவந்த பூச்சாடிகளும் பேழைகளும் வீடுகளின் நிலைப்பேழையில் அமர்கின்றன. மூச்சு என்ற நடுவர் விலகிக்கொண்டார். கண் மட்டும் எஞ்சியது.

எஞ்சிய நடுவர் எப்படித் தீர்ப்பு வழங்குகிறார்? வாங்க வந்தவர் சாடியை விளக்கடியில் திருப்பிப் பார்க்கிறார். மூன்றாவது மலர் சிறிதாக இருப்பதைச் சுட்டுகிறார். ஒரு குழியைத் தொட்டுக் காட்டி விலை குறைக்கச் சொல்கிறார். கடையில் குறைந்த தொகை கடைக்காரரோடு நின்றுவிட்டால் கேடில்லை. அது பட்டறைக்குச் சென்று கூலியில் விழுமானால், உளி பிடித்தவர் தம் கை மனிதக் கையாக இருந்ததற்குத் தண்டம் செலுத்துகிறார் என்றே பொருள்.

அதே கண் கேட்க மறப்பவை சில உண்டு. வெள்ளியின் கனம் என்ன? பள்ளம் எத்துணை ஆழம்? கருமை மண்ணால் வந்ததா, மேலே பூசியதா? ஆழமில்லாத பள்ளத்தில் மெல்லிய தகட்டை ஒட்டினாற்போல் பதித்து மெருகேற்றினால், முதல் நாளில் அது மாசற்று மின்னும். ஆண்டுகள் செல்ல விளிம்பு எழும்பி, இதழ் இதழாக உதிரும். மண்ணால் வந்த கருமை உலோகத்தின் மேற்பரப்பே அடைந்த மாற்றம். எண்ணெய் தடவித் துடைத்தால் மீண்டும் பொலியும். சாயமாகப் பூசிய கருமையை நகத்தால் கீறினாலே உண்மை வெளிப்படும். ஆகவே, நீர் நிரப்பாத சாடிக்கும் பொருட்குற்றம் உண்டு. அன்று ஒரே இழுப்பில் வெளிப்பட்டது, இன்று வெளிப்பட இருபது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் மறந்திருப்பார்கள்.

கைவினையின்மேல் கொண்ட அன்பால் மறுபக்கம் சாய்ந்துவிடுவதும் தவறு. 'கையால் செய்தது' என்ற சொல் எல்லாக் குறைகளையும் மூடும் போர்வையாகிவிடக் கூடாது. கவனக்குறைவால் எழும்பிய கம்பியை அழகு என்று விற்பது வாங்குவோரை ஏமாற்றுவது. அதைவிட, கவனத்தோடு பதித்த பக்கத்துப் பட்டறைக்காரரை அவமதிப்பது. கைவேலை என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே வைக்கும் கோணலும் பொய்யே. கையின் தடம் தானாக வருவது, வரவழைப்பதன்று.

பிதரி வேலைப்பாடு 2006இல் புவிசார் குறியீடு பெற்றது. பீதரின் மூத்த கைவினைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரி 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவை மகிழ்ச்சிக்குரியவை. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும்; விருது ஒரு வாழ்நாள் உழைப்பைப் போற்றும். ஒவ்வொரு பொருளின் உள்நேர்மையையும் காக்க வேண்டியது, அதனைக் கையில் எடுப்பவர் கேட்கும் கேள்விதான். மலர் ஏன் கோணியது என்று கேட்பவர் முன் கைவினைஞர் தலைகுனிகிறார். வெள்ளி எத்துணை ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேட்பவரிடமோ அவர் தம் தொழிலைப் பேசத் தொடங்குவார்.

பத்தாண்டுகளாக நூல்களை எடைபோட்டு வரும் இந்த வட்டத்திற்கும் இதில் ஒரு செய்தி உண்டு. படிக்கப்படாத நூலில் அட்டையும் அச்சுப்பிழையும் மட்டுமே கண்ணில் படும். படிக்கப்படும் நூலில்தான் பொருளின் ஓட்டை தெரியும். பயன்கொள்வோர் இருக்கும்வரை குறைகள் தத்தம் இடத்தில் நிற்கும். பயன் விலகிய இடத்தில், சிறுகுறை பெரிதாகிப் பெருங்குறை மறைந்துவிடும். கோணிய மலரை மன்னித்து, ஆழமில்லாப் பள்ளத்தை மன்னிக்காத கண்ணைப் பெறுவதே திறனாய்வுக் கல்வியின் முதற்படி.