சாம்பிளோட பஸ் ஏறும் பிஎச்.டி.

இன்னைக்கு எபிசோட் சாஃப்ட்வேர் பத்தி இல்ல, கெமிஸ்ட்ரி பத்தி. பயப்படாதீங்க, ஃபார்முலா எதுவும் சொல்ல மாட்டேன்.

என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு பல்கலைக்கழகத்துல வேதியியல்ல பிஎச்.டி. பண்றா. நாலாவது வருஷம். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லப் போறதில்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஓசூர் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குவா. பையில டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல பஞ்சு சுத்தின சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். ராத்திரி எங்க வீட்டுல தங்கிட்டு, காலையில அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போவா. அவ செஞ்ச சேர்மம் என்னன்னு உறுதி பண்ண அதை என்.எம்.ஆர். கருவியில வச்சுப் பார்க்கணும். அவங்க டிபார்ட்மென்ட்லயும் ஒண்ணு இருக்கு. ஆனா ஓடல.

என்.எம்.ஆருக்குள்ள இருக்கறது ஒரு சூப்பர்கண்டக்டிங் காந்தம். திரவ ஹீலியத்துல முங்கி, மைனஸ் 269 டிகிரியில இருக்கணும். ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிட்டே இருக்கும், நேரத்துக்கு நிரப்பலைன்னா காந்தம் அவுட். ஹீலியம் நமக்கு இறக்குமதி. கருவி வாங்க ஒரு தடவை பணம் வந்துடுது. வருஷா வருஷம் நிரப்பவும், அதையே பார்த்துக்க ஒரு டெக்னீஷியன் போடவும் பணம் எங்கருந்து வரும்னுதான் யாரும் யோசிக்கறதில்ல.

நான் கோடு எழுதினா தப்பா சரியான்னு பத்து செகண்டுல தெரிஞ்சுடும். அவளுக்கு மூணு வாரம். அந்த மூணு வாரமும் தப்பான பாதையிலேயே அடுத்த ஸ்டெப்பைப் பண்ணிட்டு இருப்பா. ஒரு தடவை அப்படியே ஒரு செமஸ்டர் போச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க மாடியில உட்கார்ந்து, "விட்டுடலாம்னு இருக்கேன்டா"ன்னா.

நாட்டுல எந்த லேப்ல என்ன கருவி இருக்குன்னு பார்த்து புக் பண்ண ஐ-ஸ்டெம்னு ஒரு போர்ட்டல் 2020லேயே வந்துடுச்சு. நல்ல விஷயம். ஆனா கட்டணத்தையும் பஸ் செலவையும் அவ கைக்காசுலதான் போடறா. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினவங்களுக்கு மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இவளுக்கு அது இல்ல.

யு.ஜி.சி. 2022 நவம்பர்ல புது விதி கொண்டு வந்துச்சு. தீசிஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் போட்டே ஆகணும்ங்கற கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஒரு புரொஃபஸர் ஒரே நேரத்துல எட்டு பேருக்கு மேல வழிகாட்டக் கூடாது. ஒவ்வொரு செமஸ்டரும் மாணவர் ஆலோசனைக் குழு முன்னாடி போய் வேலையைக் காட்டணும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசி விதிதான் முக்கியம். நல்லா நடந்தா அது கோடு ரிவ்யூ மாதிரி: என் தப்பை என் மேனேஜர் மட்டும் பார்க்காம நாலு பேர் பார்ப்பாங்க. அவ டிபார்ட்மென்ட்ல அது டீ, பிஸ்கட், கையெழுத்து. இருபது நிமிஷத்துல முடிஞ்சுடும்.

அந்தக் குழுவுல ஓசூர்க்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைங்கன்னு நான் சொல்வேன். சிரிக்காதீங்க! சிப்காட்டைச் சுத்தி மருந்து மூலப்பொருள் செய்யற கம்பெனிகள் இருக்கு. போச்சம்பள்ளி பக்கம் ஓலா லித்தியம் அயான் செல் ஃபேக்டரியே போட்டிருக்கு. ரியாக்‌ஷன் ஏன் சொதப்புதுன்னு தினமும் பார்க்கற ஆளுங்க அங்க இருக்காங்க. வேலையில இருக்கறவங்க பகுதிநேரமா பிஎச்.டி. பண்ணவும் அதே 2022 விதி இடம் கொடுக்குது, கம்பெனி தடையில்லாச் சான்று கொடுக்கணும். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில இப்படிச் சேர தனித் திட்டமே இருக்கு.

அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியல் மாணவர்கள் 2012ல டவ் கெமிக்கல் கம்பெனியோட சேர்ந்து லேப் பாதுகாப்புக் குழு ஆரம்பிச்சாங்க. இதை அவகிட்ட சொன்னப்போ, "எங்க லேப்ல ஐ வாஷ்ல தண்ணியே வராது"ன்னா.

போன வாரம் ஏழு குப்பியோட வந்தா. அஞ்சு சரியா வந்துச்சாம். அடுத்த எபிசோடுல நீயே வந்து பேசுன்னு கேட்டேன். "தீசிஸ் கையெழுத்தாகட்டும்டா, அப்புறம் பேசறேன்"னுட்டா.